ஜப்பான்காரன் வண்டிக்கு நல்ல சீல்

போன வாரம் பட்டறையில் தேநீர் நேரத்தில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, ஜப்பான்காரன் காலத்துல அவன் வண்டிய ஒழுங்காத்தான் செஞ்சு குடுத்தீங்களா, இல்ல வேணும்னே கெடுத்தீங்களா?" கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அன்றைக்குக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனேன். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தபோது, கேட்டவர் மேல் தப்பில்லை என்று தோன்றியது. அவர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நின்றுகொண்டே பதில் சொல்ல முடியாது. உட்கார்ந்து எழுதுகிறேன், நீங்களும் உட்கார்ந்து படியுங்கள்.

இரண்டும் செய்தோம். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது நான் இந்தத் தீவில், ஜார்ஜ்டவுனில், ஒரு மோட்டார் பட்டறையில் பிட்டர். யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்து இறங்கியதும் பட்டறையின் சீன முதலாளி குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார். ராணுவம் பட்டறையை எடுத்துக்கொண்டது. வேலைக்கு வராதவனை வடக்கே சயாம் நாட்டில் ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள், போனவன் உயிரோடு திரும்புவது அரிது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆகவே எல்லோரும் வந்தோம். கூலிக்கு அவர்கள் கொடுத்த காகிதத்தை வைத்து ஒன்றும் வாங்க முடியாது. மரவள்ளிக்கிழங்குதான் காலைக்கும் மாலைக்கும்.

எங்கள் மேஸ்திரி தமிழர். அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் இந்தத் தீவில் இருக்கிறார்கள், நான் சொல்லப்போவது முழுக்க முழுக்க அவருக்குப் பெருமை சேர்க்கிற கதையும் அல்ல. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கை அத்தனை சுத்தம், வாய் அத்தனை அசுத்தம். ஓடுகிற வண்டியின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அதைச் சொல்கிற வாக்கியத்தை மட்டும் வீட்டில் யாரிடமும் திருப்பிச் சொல்ல முடியாது.

அவருக்கு ஒரே தம்பி. தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். போனவர்களை அப்படியே லாரியில் ஏற்றி சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அன்றைக்கு அங்கே நின்று தலையை எண்ணி ஏற்றிய அதிகாரி யார் தெரியுமா? எங்கள் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த அதே ஆள்தான். தினமும் காலையில் மேஸ்திரி அவனுக்கு இடுப்பு வளைத்து வணக்கம் சொல்ல வேண்டும். அவர் எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ராணுவ வண்டிகளுக்கு நாங்கள் செய்த வேலைக்கு 'சலாம் வேலை' என்று பெயர் வைத்திருந்தோம். பார்வையிட வரும்போது வண்டி பளபளவென்று சலாம் போட வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டியதும் படுத்துக்கொள்ள வேண்டும். கார்புரேட்டரில் கொஞ்சம் தூசு, பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர், இப்படி. துப்பாக்கி தூக்கியவர்கள் நடுரோட்டில் இறங்கி வண்டி தள்ளுவதை நினைத்து நாங்கள் கிழங்கு தின்னும்போது சிரித்துக்கொள்வோம். எங்களுக்கு அப்போதிருந்த ஒரே சந்தோஷம் அது.

ஆனால் அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் யாரும் விளையாடக்கூடாது. சட்டம் போட்டவர் மேஸ்திரி. "வண்டி நிக்கலாம்டா, ஆளு சாகக்கூடாது. ஓட்டுறவன் நம்ம பய" என்பார்.

இன்னொரு சட்டமும் அவர் போட்டதுதான். கடைசியாகச் சக்கரத்தை மாட்டியவன் எவனோ, அவனே தன் கையால் சாவியை டிரைவரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். டிரைவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வான். மேசையில் சாவியைப் போட்டுவிட்டு எவனாவது நகர்ந்தால் மேஸ்திரி அவன் பிடரியிலேயே ஒன்று போடுவார்.

மாரிமுத்து என்று ஒரு டிரைவர். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துக்காரன். லாரி ஓட்டத் தெரிந்ததால் சயாமுக்குப் போகாமல் தப்பி, ராணுவத்தின் பிக்கப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த மாதம்தான் அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் எங்களுக்குக் கிழங்கு கொண்டுவருவான். மேஸ்திரி என்றால் அவனுக்கு உயிர்.

ஒரு மதியம் அவன் அந்தப் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அண்ணே, பின்னால எடது சக்கரத்துல எண்ணெ ஒழுகுது. பிரேக்க மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போவுது. நாளைக்குப் பெரியவன் ஏறுறான், பாலிக் பூலாவ் போவணுமாம். பாத்துச் செய்ங்கண்ணே."

பாலிக் பூலாவுக்கு மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். இப்போது நீங்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறீர்கள். அந்தக் காலத்துச் சாலையில் எதிரே மாட்டுவண்டி வந்தாலே டிரைவருக்கு வியர்க்கும். வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம்.

பின்னாலேயே அந்தப் பெரியவன், எங்கள் பட்டறை அதிகாரி, வந்தான். "பெசோக் பாகி, சியாப்!" என்று மலாயில் கத்தினான். நாளைக் காலை தயாராக இருக்க வேண்டும் என்று அர்த்தம். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கையால் கழுத்தைத் தடவிக் காட்டிவிட்டுப் போனான்.

நானும் மேஸ்திரியும் சக்கரத்தைக் கழற்றினோம். அச்சுக்குள் இருக்க வேண்டிய எண்ணெய், அதைத் தடுக்கிற வளையமான சீலைத் தாண்டி வந்து பிரேக் கட்டைகளை ஊறவைத்திருந்தது. அதை நீங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். இப்போது கடைக்குப் போய் சீல் என்றால், எந்த நாட்டுச் சீல் வேண்டும் என்று கேட்கிறான். அப்போது ஒன்றும் கிடையாது. மேஸ்திரி பழைய கடைசல் இயந்திரத்தின் தோல் பட்டையை வட்டமாக வெட்டி, கொழுப்பில் ஊறவைத்து, அச்சில் அழுத்தி சீல் செய்து ஒரு டப்பாவில் வைத்திருந்தார். 'நம்ம டப்பா' என்போம். ஆஸ்பத்திரி வேனுக்கும் நம் ஆட்களின் வண்டிகளுக்கும் மட்டும்தான் அதிலிருந்து எடுப்போம். ஆனால் பிரேக் விஷயம் என்பதால் நான் எழுந்து டப்பாவை எடுக்கப் போனேன்.

"எங்கடா போற?"

"சீல் எடுக்கண்ணே."

"வேணாம். தொடச்சிட்டு மூடு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு விளங்கியது.

"அண்ணே, இது பிரேக்கு."

"எனக்கே சொல்லித் தர்றியா? துணியால தொடச்சி, கட்டைய நெருப்புல காட்டி, கொஞ்சம் கிரீசும் பஞ்சும் அடைச்சி மூடு. மலை ஏறுற வரைக்கும் தாங்கும். எறக்கத்துல சூடேறி ஒழுகட்டும்."

"வண்டிய ஓட்டப்போறது மாரிமுத்து."

"எளவட்டம்தானே. குதிச்சிடுவான்."

"எங்கண்ணே குதிப்பான்? பள்ளத்துலயா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "என் தம்பி எங்கடா குதிச்சான்?" என்றார்.

அந்த நிமிடம் அவரைப் பார்க்க எனக்குப் பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. வாசலில் நின்ற சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது என்றாலும் நாங்கள் நிற்கிற விதத்தைப் பார்த்தே சந்தேகப்படுவான். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"நான் இதத் தொடமாட்டேண்ணே."

"தள்ளு அப்பால."

அவரே துடைத்தார். அவரே அடைத்தார். அவரே சக்கரத்தை மாட்டினார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றேன். என் வாயும் சும்மா இருக்கிற வாய் இல்லையே.

"சக்கரத்த மாட்டினது நீங்க. நாளைக்கு மாரிமுத்துகிட்ட சாவியும் நீங்களே குடுக்கணும். சட்டம் போட்டவரு நீங்கதான்."

"குடுக்கிறேன், போடா" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள், மாரிமுத்துவிடம் சொல்லியிருக்கக்கூடாதா என்று. கேட்பது சுலபம். சொன்னால் அவனால் வண்டி ஓட்டமாட்டேன் என்று சொல்ல முடியுமா? பயத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மேஸ்திரி தலை மட்டுமல்ல, பட்டறையில் இருக்கிற அத்தனை பேர் தலையும் போகும். நானே திருட்டுத்தனமாக சீலை மாற்றலாம் என்றால், வேலை முடிந்ததும் பட்டறையைப் பூட்டிச் சாவியைச் சிப்பாய் கொண்டுபோய்விடுவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சக்கரத்தை மாட்டிய கையே அதைக் கழற்றினால்தான் உண்டு. அதற்கு அந்த மனிதரைத் தெரிந்த நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, மாரிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் அவர் தப்பித்துவிடாதபடி செய்வது. அதைச் செய்தேன். பலிக்கும் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை. அன்றைக்கு என்னைவிட மட்டமான மனநிலையில் ஒருவன் ஜார்ஜ்டவுனில் சாப்பிட உட்கார்ந்திருக்க முடியாது.

காலையில் மாரிமுத்து துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அதிகாரி வாளை இடுப்பில் செருகிக்கொண்டு பிக்கப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டான். நாங்கள் எல்லோரும் வரிசையில் வளைந்து வணங்கி நிமிர்ந்தோம். மாரிமுத்து மேஸ்திரி முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினான்.

மேஸ்திரி சாவியை எடுத்தார். கை பாதி தூரம் போனது.

"என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா? மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு" என்றான் மாரிமுத்து.

மேஸ்திரி வாயைத் திறந்தார். எத்தனை கெட்ட வார்த்தை தண்ணீராகக் கொட்டிய வாய் அது. "போயிட்டு வா" என்ற இரண்டு வார்த்தை வரவில்லை. அதிகாரி உள்ளேயிருந்து ஏதோ கத்தினான். மாரிமுத்து இன்னும் கையை நீட்டிக்கொண்டே நின்றான்.

மேஸ்திரி சாவியைத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார். அதிகாரியிடம் நடந்து போய், குனிந்து, "பெலும் சியாப், துவான்" என்றார். இன்னும் தயாராகவில்லை ஐயா என்று.

அதிகாரி இறங்கினான். "பகேரோ!" என்று அவன் மொழியில் திட்டி ஓர் அறை விட்டான். மேஸ்திரி கீழே விழுந்தார். எழுந்து, குனிந்து, "பெலும் சியாப்" என்றார். இன்னோர் அறை. உதட்டில் ரத்தம் வந்துவிட்டது. மூன்றாவது தடவையும் எழுந்து அதையே சொன்னார். வாளின் பிடிக்கு அதிகாரியின் கை போனதை நான் பார்த்தேன்.

அப்போது மேஸ்திரி சக்கரத்தின் பக்கம் போய் உட்கார்ந்து, உள்ளே விரலை விட்டு எடுத்து எண்ணெயைக் காட்டினார். அதற்குள்ளாகவே கசிய ஆரம்பித்திருந்தது. பிறகு உள்ளங்கையை வண்டியாக்கி மலைச்சாலையில் வளைத்து வளைத்து ஓட்டிக் காட்டினார். கடைசி வளைவில் கையைக் கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டு அதிகாரியின் நெஞ்சைச் சுட்டிக் காட்டினார்.

அவன் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செய் என்று சைகை காட்டினான்.

"டப்பாவ எடுத்துட்டு வா" என்றார் மேஸ்திரி என்னிடம். நான் ஓடினேன் ஐயா, அப்படி ஓடினேன்.

இதற்குமுன் இரண்டு தடவை அந்த வண்டிக்கு வேறு யாரோ சீல் மாற்றியும் ஒழுகியிருக்கிறது. மேஸ்திரி விரல் நகத்தால் அச்சுத் தண்டைத் தடவிப் பார்த்தார். சீல் உராய்கிற இடத்தில் தண்டு தேய்ந்து பள்ளமாகியிருந்தது. புதுச் சீலை அதே இடத்தில் உட்காரவைத்தால் அதுவும் ஒழுகத்தான் செய்யும். கொஞ்சம் உள்ளே தள்ளி, தேயாத இடத்தில் உட்காரவைத்தார். அடிபட்ட முகம் வீங்கிக்கொண்டே வர, பின்னால் வாள்காரன் உட்கார்ந்திருக்க, அவர் அவசரப்படவில்லை. பயந்தவன் கையில் தோல் சீலின் உதடு, அந்த உள்விளிம்பு, மடிந்துவிடும். அவர் கையில் மடியவில்லை. உங்களுக்கு முதலாளி கத்துகிறார், வாடிக்கையாளர் கடிகாரம் பார்க்கிறார் என்று கை பதறும்போது இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் இதை மட்டும் இத்தனை விவரமாகச் சொன்னேன்.

சக்கரத்தை மாட்டி முடித்துச் சாவியைக் கொடுத்தார். "போயிட்டு வாடா" என்றார். வீங்கிய வாயால் அது சரியாகக்கூட வரவில்லை. மாரிமுத்து ஒன்றும் மடையன் அல்ல. வழிந்த எண்ணெயையும், அடைத்திருந்த பஞ்சையும், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்தான்.

சாயங்காலம் வண்டி திரும்பி வந்தது. அதிகாரி இறங்கி நேராக மேஸ்திரியிடம் வந்தான். காலையில் அறைந்த அதே கையால் தோளைத் தட்டி, "பாகுஸ், பாகுஸ்" என்று பாராட்டினான். நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறைவாகப் போய் அழுதேன்.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை வேலைக்கு ஓடுகிற லாரிகள் அடிக்கடி படுத்துக்கொள்கின்றனவாம், நல்ல மேஸ்திரி ஒருவர் வேண்டுமாம். அதிகாரி தானாகவே எங்கள் மேஸ்திரியின் பெயரைக் கொடுத்திருந்தான். தண்டனையாக இல்லை. மரியாதை செய்வதாக நினைத்து, சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நாசமாய்ப் போனவன்.

அந்தச் சக்கரத்தைச் சலாம் வேலையோடு விட்டிருந்தால் அந்த அதிகாரி பள்ளத்தில் கிடந்திருப்பான். மேஸ்திரி சயாமுக்குப் போயிருக்கமாட்டார். அவன் அதற்குப்பிறகு இன்னும் எத்தனை பேரைப் பிடித்து அனுப்பினானோ, அவர்களும் போயிருக்கமாட்டார்கள். அப்படியானால் நான் அன்றைக்கு மேஸ்திரியை மடக்கியது சரியா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். வண்டி யாருடையது என்று பார்க்காதே, உள்ளே யார் உட்காரப்போகிறார்கள் என்று பார் என்று உங்களிடம் நான் ஓயாமல் சொல்வது இங்கேயிருந்து வந்ததுதான். இன்றைக்கு அதே சக்கரம் முன்னால் இருந்தாலும் நான் ஸ்பேனரைக் கீழேதான் வைப்பேன். ஆனால் அதைச் சொல்லும்போது என் மனசு நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மேஸ்திரி திரும்பி வரவே இல்லை. அவர் தம்பியும் வரவில்லை.

அவரைப் படகுத்துறைக்குக் கொண்டுபோய்விட்டது அதே பிக்கப்தான். அக்கரைக்குப் போய் அங்கிருந்து ரயில் ஏற வேண்டும். மாரிமுத்து ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் மேஸ்திரி சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். "போன எடத்துல தம்பியப் பாத்தாலும் பாப்பேன், யாரு கண்டா" என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணை நான் பார்க்கவில்லை.

துறையில் இறங்கியதும் மாரிமுத்து தாங்கமாட்டாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்ணே. அன்னைக்கு என்னைய அப்படியே விட்டிருக்கலாம்ல? நான் ஒருத்தன் போயிருப்பேன், அவனும் தொலைஞ்சிருப்பான். உங்களுக்கு இது வந்திருக்காதுல்ல?"

சுற்றிலும் சிப்பாய்கள். நான் மாரிமுத்துவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மேஸ்திரி தன் கையை உருவி, அவன் பின்னந்தலையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

"போடா பைத்தியக்காரா" என்றார். "பொண்ணுக்குப் பேரு வச்சிட்டியா?"

மாரிமுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இன்னும் இல்லண்ணே."

"என்னடா ஆளு நீ. சீக்கிரம் வையி" என்று சொல்லிவிட்டு, மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படகில் ஏறினார்.